ஒரே வீச்சில் ஐந்து

கொல்லிமலைக்கு இப்போது மிஞ்சியிருக்கும் பெருமை ஒன்றே ஒன்று: எழுபது. காரவள்ளி அடிவாரத்தை விட்டு மேலே ஏறி முடிப்பதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு எண் போட்டுப் பலகை வேறு நட்டிருக்கிறார்கள், எங்கே எண்ண மறந்துவிடுவார்களோ என்று. மலையில் என்னடா பார்த்தாய் என்று கேட்டால், "எழுபதையும் ஒரே மூச்சில் முடிச்சிட்டேன்" என்கிறான் பைக்கில் போய் வந்த பிள்ளை. மலையை முடித்துவிட்டான். அதைத்தான் நானும் சொல்கிறேன்.

வல்வில் ஓரி ஆண்ட மலை இது. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் அவன் வீழ்த்தியதைப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். அந்தக் கலை அழிந்துபோனதே என்று வருந்துகிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதாவது வளைவில் போய் நிற்கலாம். கார்க் கண்ணாடி இறங்கும். ஒரே வீச்சு. பிரியாணிப் பொட்டலம், தண்ணீர் பாட்டில், பிளாஸ்டிக் டம்ளர், சிப்ஸ் கவர், குழந்தையின் டயாபர். ஐந்தும் பள்ளத்தில். குறி தப்புவதே இல்லை.

தடுப்புச் சுவரில் ஒரு குரங்கு. வயிற்றைக் கட்டிக்கொண்டு குட்டி. தாய் சிப்ஸ் கவரைப் பல்லால் கிழித்து, வெள்ளியாய் மின்னும் உள்பக்கத்தை நக்குகிறது. குட்டி அதன் ஓரத்தைச் சப்புகிறது. "சோ ஸ்வீட்!" என்று படம் எடுக்கிறார் ஒரு அம்மணி. பலாச்சுளை தின்ற இனம் பாமாயிலுக்குக் கையேந்தி உட்கார்ந்திருக்கிறது.

இந்த மலையின் கொல்லிப்பாவை சிரித்தே ஆளைக் கொல்வாள் என்பார்கள். பாவம், அவளுக்கு இனி வேலையில்லை. சுவரேறி நின்று செல்போனை நீட்டிச் சிரிக்கிற கூட்டமே அதைப் பார்த்துக்கொள்கிறது.

இந்தச் சாலை யாருக்கு? மேலே வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு என்று 14 நாடுகள் இருக்கின்றன. மலையாளிப் பழங்குடிகளின் ஊராட்சிகள்தான் அவை. அவர்களுடைய மிளகும் பலாவும் வாழையும் இறங்குவது இந்த வளைவுகளில்தான். சாமையும் தினையும் விளைந்த நிலத்தில் மரவள்ளி ஏறிக்கொண்டது. கிழங்கு லாரியில் இறங்கிப்போய் ஜவ்வரிசி ஆகிறது. 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. பட்டணத்துக் கடைகள் சாமையைக் கண்ணாடி ஜாடியில் வைத்து விலையை ஏற்றின. சாமை விளைத்த வீட்டில் ரேஷன் அரிசி வேகிறது. பாக்சைட்டுக்காகத் தோண்டிய குழிகளும் மேலே உண்டு. அவற்றுக்கு மட்டும் யாரும் எண் பலகை நடவில்லை.

உயிருக்கு ஆபத்து என்றால் நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ இறங்கியாக வேண்டும். இடுப்பு வலியோடு ஒருத்தி வளைவுக்கு வளைவு பல்லைக் கடித்துக்கொண்டு வரும்போது, எதிரே நீங்கள் பைக்கை நடுரோட்டில் நிறுத்தி ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

இதே நாமக்கல் மாவட்டத்தில் ராசிபுரம் பக்கம் போதமலை இருக்கிறது. தேர்தலுக்குத் தேர்தல் வாக்குப்பதிவு இயந்திரத்தைத் தலையில் சுமந்து அதிகாரிகள் கால்நடையாக ஏறிய மலை. நோயாளி இறங்கியது தூளியில். எண்ணிப் பெருமைப்பட அங்கே வளைவு இருக்கவில்லை, அதனால் ரசிகர்களும் இருக்கவில்லை. ஓட்டு மட்டும் ஒழுங்காக ஏறி இறங்கியது.

ஆடி மாதம் அரசாங்கம் வல்வில் ஓரிக்கு விழா எடுக்கிறது. செம்மேட்டில் நிற்கும் சிலைக்கு மாலை விழும். கடையெழு வள்ளல்களில் ஒருவன் அல்லவா. கொடுத்துப் பழகியவன், மலையை நாம் எடுத்துக்கொண்டால் ஒன்றும் சொல்லமாட்டான்.

போகத்தான் போகிறீர்கள், போய் வாருங்கள். மலைச்சாலையில் ஏறும் வண்டிக்குத்தான் முதல் வழி, இறங்குகிறவர் ஒதுங்க வேண்டும். ஆம்புலன்ஸ் வந்தால் இருவருமே ஒதுங்க வேண்டும். அந்த டயாபரை மட்டும் மறக்காமல் உங்கள் வீட்டுக்கே திரும்ப எடுத்துப் போங்கள்.