பானை இருக்கிறது, பையனைக் காணோம்

உத்திரமேரூர் பேருந்து நிலையம். காஞ்சிபுரம் வண்டி இன்னும் வரவில்லை. கக்கத்தில் ஜாதக நோட்டோடு கல்யாணத் தரகர். பக்கத்தில் டீச்சர் டிரெயினிங் முடித்து, தகுதித் தேர்விலும் தேறி, தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கும் ஓர் இளம்பெண்.

தரகர்: இன்னா கண்ணு, இஸ்கோல் லீவா? நல்ல எடம் ஒண்ணு வந்திருக்குது. பையனுக்கு ஒரகடத்துல கம்பெனி வேலை. அவங்க கேக்கறது ஒண்ணே ஒண்ணு, பொண்ணு டீச்சரா இருக்கணும்.

டீச்சர்: நான் டீச்சர்தானே பெரியப்பா.

தரகர்: கவர்மெண்ட்டா?

டீச்சர்: தனியார்.

தரகர்: (நோட்டை மூடி) அப்ப டீச்சர்னு சொல்லிக்காத. “ஸ்கூலுக்குப் போகுது”ன்னு சொல்லு. கவர்மெண்ட் டீச்சர்னா பத்துப் பொருத்தமும் தானா வந்து உக்காந்துக்கும், செவ்வாய் தோஷம்கூட வாயத் தொறக்காது. தனியார்னா நட்சத்திரத்துல இருந்து ஆரம்பிக்கணும். ஆமா, நீ ஏன் போயும் போயும் இந்த வேலைய எடுத்த?

டீச்சர்: நானா எடுத்தேன்? பன்னெண்டாவது முடிச்சதும் எங்க வீட்டுத் திண்ணையில கூட்டம் போட்டீங்களே, மறந்துட்டீங்களா? மெட்ராஸ் வேணாம்னு அப்பா. கம்பெனி நைட் ஷிப்ட் வேணாம்னு பாட்டி. டீச்சர்னா சாயந்தரம் வீடு வந்துடும், கட்டிக்கிட்டவனுக்குச் சோறும் ஆக்கும்னு நீங்க. காபி ரெண்டு தடவை வந்துச்சு. பாடம் நடத்தறதப் பத்தி மட்டும் ஒருத்தர் வாயிலயும் வரல.

தரகர்: நான் சொன்னதுல இன்னா தப்பு?

டீச்சர்: தப்பில்ல. எனக்கும் ஆசைதான். நான் சின்னப் புள்ளையா இருக்கறப்ப, எங்க ஊருக்குள்ள குடை பிடிச்சு நடந்து வந்து சொந்தச் சம்பளம் வாங்கின ஒரே பொம்பளை எங்க ரெண்டாம் கிளாஸ் டீச்சர்தான். வேற யாரைப் பார்த்து ஆசைப்படறது? கலெக்டரம்மா எங்க தெருவுக்கு வந்ததில்லையே.

தரகர்: சரி, பரீட்சைதான் பாஸாயிட்டியே. கவர்மெண்ட்ல போட இன்னா தடங்கல்?

டீச்சர்: தகுதித் தேர்வு 2012-ல முதல்ல வந்தப்ப நூத்துக்கு ஒருத்தர்கூடத் தேறல. அப்புறம் தட்டுத்தடுமாறித் தேற ஆரம்பிச்சாங்க. ரொம்பப் பேர் தேறிட்டாங்கன்னு தெரிஞ்சதும், 2018-ல ஆணை வந்துச்சு: இது தகுதிதான், வேலைக்கு இன்னொரு போட்டித் தேர்வு எழுதணும். எங்களை மாதிரி இடைநிலை ஆசிரியருக்கு அந்தப் பரீட்சைய நடத்தினது 2024-ல.

தரகர்: ஆறு வருசமா! வயசு போயிடுமே கண்ணு.

டீச்சர்: அதையும் யோசிச்சுட்டாங்க. 2023-ல வயசு வரம்பை ஏத்தினாங்க. பொதுப் பிரிவுக்கு 53, மத்தவங்களுக்கு 58.

தரகர்: ரிட்டயர்மெண்ட்டு?

டீச்சர்: 60.

தரகர்: அடேங்கப்பா! சேர்ற அன்னிக்குக் கட்டின வாழைமரத்த அவுக்காம வெச்சிருந்தா வழியனுப்பு விழாவுக்கும் ஆச்சு. இதுக்கு நம்ம வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டே மேலு. பராந்தக சோழன் காலத்துல, 921-லயே ஊர்ச் சபைக்கு ஆள் எடுக்கறதுக்குத் தகுதிய வெட்டி வெச்சிருக்கான். கால் வேலிக்கு மேல வரி கட்டுற நிலம், சொந்த மனையில வீடு, 35-க்கு மேல 70-க்குள்ள வயசு, வேதப் படிப்பு. ஓலையில பேரெழுதிக் குடத்துல போட்டு, ஒரு சின்னப் பையன் கைவுட்டு எடுப்பான். அன்னிக்கே முடிவு!

(இதில் கலப்படமில்லை. ஊர்ப் பெருமையில் தரகர் பொய் சொல்வதில்லை; அதற்கு வேறு தொழில் வைத்திருக்கிறார்.)

டீச்சர்: அந்தக் குடத்துல நிலமில்லாதவன் பேரும் விழாது, என் பேரும் விழாது பெரியப்பா. இப்ப விழுது. குடம் நிறைய ஓலை. கைவிட்டு எடுக்கற பையனைத்தான் காணோம்.

தரகர்: ஒருவாட்டி உள்ள பூந்துட்டா அப்பால கவலையே இல்லல்ல?

டீச்சர்: 2009 மே 31-க்குள்ள சேர்ந்தவங்களுக்கு அப்ப வெச்ச அடிப்படைச் சம்பளம் 8,370 ரூபா. மறுநாள் சேர்ந்தவங்களுக்கு 5,200. அதே கிளாஸ், அதே பாடம். சம வேலைக்குச் சம ஊதியம்னு சென்னைக்குப் போய் உக்காந்து உக்காந்து எந்திரிக்கறாங்க. அதோட 2025 செப்டம்பர் 1-ல உச்ச நீதிமன்றத் தீர்ப்பு: ஓய்வுக்கு அஞ்சு வருசத்துக்கு மேல பாக்கி இருந்தா, வேலையில இருக்கறவங்களும் ரெண்டு வருசத்துக்குள்ள தகுதித் தேர்வுல தேறணும். இல்லன்னா வீட்டுக்கு.

தரகர்: அப்ப எம் பேரனோட சாரும் ராத்திரியில படிக்கிறாரா?

டீச்சர்: படிக்கறாரு. உங்க பேரன் பரவால்ல, தூங்கறான்.

தரகர்: இவ்ளோ தெரிஞ்சும் நீ ஏன் இதுலயே கெடக்கற? கம்பெனி பஸ்சு ஊருக்குள்ளயே வருது.

டீச்சர்: எங்க கிளாஸ்ல ஒரு பையன். நாப்பத்திரண்டுல பதினேழு போனா முப்பத்தஞ்சும்பான். ஏழுல ரெண்டு போனா அஞ்சு, நாலுல ஒண்ணு போனா மூணு. எது பெருசோ அதுலேருந்து கழிச்சுட்டே போவான். ரெண்டு வாரம் மல்லுக்கட்டினேன். அப்புறம் பத்துப் பத்துக் குச்சியா ரப்பர் பேண்டு போட்டு நாலு கட்டும், உதிரியா ரெண்டும் கையில கொடுத்து, ஏழைக் கொடுடான்னேன். திருதிருன்னு முழிச்சான். ரெண்டைத் திரும்பத் திரும்ப எண்ணினான். திடீர்னு ஒரு கட்டோட ரப்பர் பேண்டைப் பல்லால இழுத்து அறுத்துட்டு, “மிஸ், ஒடைச்சுக்கலாமா?”ன்னு கத்தினான் பாருங்க. நான் சொல்லித் தரல, அவனே கண்டுபிடிச்சான்.

தரகர்: அதுக்கு எவ்ளோ குடுக்கறாங்க?

டீச்சர்: மாசம் ஒம்பதாயிரம். மே மாசம் கிடையாது. அந்த மாசம் வீடு வீடாப் போய்ப் புள்ள புடிக்கற வேலை மட்டும் உண்டு.

தரகர்: (நோட்டைப் புரட்டி) “குச்சி, ரப்பர் பேண்டு”ன்னு எழுத இதுல எடமில்ல கண்ணு. நோட்டிபிகேஷன் வந்ததும் சொல்லு, அந்த எடத்தப் பேசி முடிச்சுடலாம்.

டீச்சர்: சொல்றேன் பெரியப்பா. அதுக்குள்ள, மே மாசச் சம்பளம் தர்ற ஸ்கூல் ஏதாவது உங்க நோட்டுல இருந்தா பார்த்துச் சொல்லுங்க. மாப்பிள்ளையவிட அதுதான் அவசரம்.