38 நிமிடமும் 51 நிமிடமும்

1955 ஜூன் மாதம். நியூயார்க் 30ஆம் தெருவில், தேவாலயமாக இருந்து ஒலிப்பதிவுக்கூடமாக மாறிய கட்டடத்துக்கு, அந்த வெயில் காலத்திலும் ஓவர்கோட், மஃப்ளர், கையுறையோடு வந்து சேர்ந்தார் டொராண்டோக்காரரான க்ளென் கூல்ட். வயது 22. கூடவே துண்டுகள், மாத்திரைப் புட்டிகள், அப்பா கால்களை அறுத்துக் குட்டையாக்கிக் கொடுத்த மடக்கு நாற்காலி. வெந்நீரில் கைகளை நெடுநேரம் ஊறவைத்த பிறகுதான் பியானோவைத் தொடுவார். அன்று பாக்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்களை வாசித்தாரே, அது வாசிப்பு! இரண்டு வரிசைக் கட்டைகள் உள்ள ஹார்ப்சிகார்டுக்காக எழுதி 1741இல் அச்சான படைப்பு அது. பியானோவில் ஒரே வரிசைதான் என்பதால் இரண்டு கைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஓடவேண்டும். தொடக்க மெட்டு, 30 மாறுபாடுகள், கடைசியில் மறுபடி அதே மெட்டு, எல்லாம் சுமார் 38 நிமிடத்தில். அடுத்த ஆண்டு இசைத்தட்டு வந்ததும் பெயர் பரவியது. 1957இல் மாஸ்கோ, லெனின்கிராட் வரை போய் வாசித்தார்.

1964 ஏப்ரல் 10, லாஸ் ஏஞ்சலஸ் கச்சேரியோடு மேடையை விட்டுவிட்டார். வயது 31தான். திமிர் என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. மேடையில் பிசகினால் பிசகினதுதான். ஒலிப்பதிவில் இன்னொரு தரம் வாசிக்கலாம், இரண்டு வாசிப்புகளின் நாடாவை வெட்டி ஒட்டலாம். சினிமாவில் படத்தொகுப்பு எப்படியோ அப்படி, இதுவும் கலையில் சேர்ந்ததுதான் என்று மனதார நம்பினார். கைதட்டலுக்கே தடை போடச் சொல்லி 1962இல் கட்டுரை எழுதினார். ஒரு நூற்றாண்டில் பொதுக் கச்சேரியே இருக்காது என்று 1966இல் எழுதினார்.

இன்றைக்கு டொராண்டோ ஃப்ரண்ட் தெருவில் கனடா ஒலிபரப்பு நிறுவனமான சிபிசியின் கட்டடத்துக்குள் இருக்கும் கச்சேரி அரங்குக்கு அவர் பெயர்தான். அங்கே கைதட்டலுக்குக் குறைவே இல்லை. வாசலில் பெஞ்சில் உட்கார்ந்தபடி அவருக்கு வெண்கலச் சிலை. ஆட்களை நேரில் பார்ப்பதைவிட நள்ளிரவில் தொலைபேசியில் மணிக்கணக்காகப் பேசுவதையே விரும்பிய மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து யார் யாரோ படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அதே தெருவில் காதில் இயர்போனோடு போகும் பிள்ளைகளைப் பார்க்கும்போது, அவர் சொன்னதில் பாதி பலித்துவிட்டது என்றே நினைக்கிறேன். இசையோடு தனியாக இருக்கும் ரசிகரைத்தானே அவர் கேட்டார்?

1981இல் மறுபடி நியூயார்க் 30ஆம் தெருவின் அதே கட்டடம், அதே படைப்பு, அதே நாற்காலி. மெத்தையெல்லாம் போய் வெறும் சட்டத்தின்மேல் உட்கார்ந்து வாசித்தார். இந்தமுறை 51 நிமிடம். முன்பு இரண்டு நிமிடத்துக்குள் முடிந்த தொடக்க மெட்டு இப்போது மூன்று நிமிடத்தைத் தாண்டியது. 1982 அக்டோபர் 4 அன்று பக்கவாதத்தில் இறந்தார். 50 வயது நிறைந்து சில நாட்களே ஆகியிருந்தன.

இளமையில் 1955 பிடிக்கும், வயதானால் 1981 பிடிக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு நேர்மாறாக நடந்தது. டொராண்டோவுக்குக் குடிவந்த புதிதில், நூலகத்தில் இரவல் வாங்கிய கேசட்டில் முதலில் கேட்டது 1981 பதிவு. விளம்ப காலத்தில் ஊறிய காதுக்கு அது உடனே பிடித்துப்போனது. பழையதைப் பல வருடங்கள் வெறும் வேகம் என்று ஒதுக்கி வைத்திருந்தேன். இப்போது 25ஆம் மாறுபாட்டுக்காகவே அதைத் தேடிப் போகிறேன். மொத்தத்திலும் துயரம் தோய்ந்த இடம் அதுதான். அங்கே நிதானமாக வாசித்தவர் 48 வயதுக்காரர் இல்லை, 22 வயதுக்காரர். முதியவர் ஆறு நிமிடச் சொச்சத்தில் கடந்த இடத்தில் இளைஞர் ஏறக்குறைய ஆறரை நிமிடம் நிற்கிறார். ஒவ்வொரு சுரத்தையும் விட மனமில்லாமல் விடுகிறார். பின்னாளில் கூல்ட், அந்த வாசிப்பு ஷோப்பான் பாணியில் உருகுகிறது என்று சொல்லித் தள்ளிவிட்டார். அவர் சொன்ன எத்தனையோ விஷயங்களை ஏற்றுக்கொண்டவன் நான். இதை மட்டும் ஏற்க மாட்டேன்.