நிகர அளவு: ஒன்று

அனுப்புநர்: மாதம் இருபது பக்கம் அச்சிடும் ஒரு சராசரி வீட்டுக்காரர்.

பெறுநர்: உயர்திரு முத்திரை ஆய்வாளர் அவர்கள், சட்டமுறை எடையளவுப் பிரிவு, தொழிலாளர் துறை.

பொருள்: அளவு சொல்லாமல் விற்கப்படும் ஒரு திரவத்தை அளந்து தரக் கோருதல் தொடர்பாக.

பார்வை: 1. சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள், 2011. 2. மனுதாரர் வீட்டுப் பிரிண்டர் விடுத்த இறுதி எச்சரிக்கை.

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் வருகிறீர்கள் என்ற செய்தி பரவினாலே எங்கள் சந்தையில் தராசுகள் தாமாக நேராகிவிடுகின்றன. கத்தரிக்காய் விற்கும் அம்மா அரைக்கிலோ எடைக்கல்லுக்குப் பதில் ஒரு கூழாங்கல்லை வைத்திருந்தால் தங்களிடம் தப்ப முடியாது. இத்தனை கண்டிப்பான துறையின் கண்ணில், லிட்டர் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் விற்கும் திரவம் ஒன்று படாமல் போனது எப்படி என்பதே என் ஐயம். கள்ளச்சந்தையில் இல்லை ஐயா. பட்டப்பகலில், ஜிஎஸ்டி பில்லோடு, கம்ப்யூட்டர் கடைக் கண்ணாடி அலமாரியில் வைத்து விற்கிறார்கள்.

பிரிண்டர் மையைத்தான் சொல்கிறேன். சின்ன கார்ட்ரிட்ஜ்கள் சிலவற்றில் ஐந்து மில்லிகூட இருப்பதில்லை. விலை அறுநூறு, எழுநூறு. பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். நிகர அளவு என்ற இடத்தில் ‘1’ என்று போட்டிருந்தது. ஒன்று என்றால் ஒரு டப்பா. உள்ளே எவ்வளவு மை என்று கடைக்காரரைக் கேட்டதற்கு, “சார், அதெல்லாம் யாரும் கேக்கறதில்ல” என்றார்.

பார்வை ஒன்றில் கண்ட விதிகளில் 2021 நவம்பரில் ஒரு நல்ல திருத்தம் வந்தது. பொட்டலத்தின் மேல் மொத்த விலையோடு அலகு விலையும் போட வேண்டும். துவரம் பருப்பு வாங்கினால் கிராம் எத்தனை பைசா, ஷாம்பு வாங்கினால் மில்லி எத்தனை ரூபாய் என்று தெரிந்துவிடும். எண்ணிக்கையில் விற்கும் பொருளுக்கு ஒன்றின் விலைதான் அலகு விலை. அலகு விலையும் சில்லறை விலையும் ஒன்றாகவே இருந்தால் தனியாக அச்சிட வேண்டாம் என்று விலக்கும் உண்டு. ஆக, ‘ஒன்று’ என்று எழுதிய மாத்திரத்தில் கார்ட்ரிட்ஜ் கரையேறிவிடுகிறது. அதே மை புட்டியில் வந்தால் 65 மில்லி, 70 மில்லி என்று பவ்யமாகத் தன் அளவைச் சொல்லிவிடுகிறது. விதி எழுதப்பட்டது டெல்லியில் என்பது எனக்கும் தெரியும். ஆனால் டெல்லிக்கு எழுதினால் அந்த மனுவையும் பிரிண்ட் எடுத்துத்தான் அனுப்ப வேண்டியிருக்கும்.

மையை மில்லியில் பார்க்காதீர்கள், எத்தனை பக்கம் வரும் என்று பாருங்கள் என்பது கம்பெனிகளின் வாதம். நியாயமான வாதம், ஒப்புக்கொள்கிறேன். அதற்கென்றே ஐஎஸ்ஓ 24711 என்ற சர்வதேசத் தரமும், 24712 என்ற சோதனைப் பக்கங்களும் இருக்கின்றன. அந்தப் பக்கங்களை நிறுத்தாமல் அச்சிட்டுக்கொண்டே போய் மை தீர்ந்ததும் எண்ணுவார்கள். நம் வீட்டில் யார் நிறுத்தாமல் அச்சிடுகிறார்கள்? திங்களன்று ஒரு ஆதார் நகல், அடுத்த வாரம் ஒரு ஹால் டிக்கெட், நடுவில் இரவு ஒன்பது மணிக்குப் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் ‘நாளை கலர் பிரிண்ட் எடுத்து ஒட்டி வரவும்’. ஒவ்வொரு முறையும் பிரிண்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மை தெளிக்கும் தன் ஹெட்டைத் தானே கழுவிக்கொள்கிறது. கழுவுவது தண்ணீரால் அல்ல, லட்ச ரூபாய்த் திரவத்தால்.

சரி, அந்தப் பக்கக் கணக்காவது பிரிண்டர் பெட்டியின் முகப்பில் பெரிதாக இருக்கிறதா என்றால், அங்கே ஒரு பஞ்சவர்ணக்கிளிதான் இருக்கிறது.

தங்கள் வசதிக்காகக் கணக்கை நானே போட்டுத் தருகிறேன். நாலாயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைக்கும் பிரிண்டருக்கு ஏற்ற சின்னக் கறுப்பு கார்ட்ரிட்ஜ் சுமார் 120 பக்கம் தரும். பக்கத்துக்கு ஐந்து ரூபாய்க்கு மேல் மைக்கு மட்டும் போகிறது. தெருமுனை ஜெராக்ஸ் கடையில் தாள், கரண்ட், கடைக்காரரின் அரசியல் விமர்சனம் எல்லாம் சேர்த்தே பெரும்பாலும் அதற்குள் முடிந்துவிடும். புட்டி மையை ஊற்றிக்கொள்ளும் இங்க் டேங்க் பிரிண்டர் பன்னிரண்டாயிரம் ஆகலாம். ஆனால் நானூறு ரூபாய்க்குள் வரும் எப்சன் 003 கறுப்புப் புட்டி 4,500 பக்கம் என்கிறது கம்பெனிக் கணக்கு. பக்கத்துக்குப் பத்துப் பைசாகூட ஆகவில்லை. கூடுதலாகக் கொடுக்கும் எட்டாயிரம் ஆயிரத்து அறுநூறு பக்கத்துக்குள் திரும்பி வந்துவிடும். பள்ளிப் பிள்ளைகள் இருவர் உள்ள வீட்டில் அதற்கு அதிக காலம் பிடிக்காது. என்னைப் போல மாதம் இருபது பக்கக்காரர்களுக்கோ ஆறேழு வருஷம் ஆகும். அவர்கள் ஜெராக்ஸ் கடைக்காரரோடு சுமுகமாக இருப்பது உத்தமம். கறுப்பு எழுத்து போதும், மாதக்கணக்கில் தொடக்கூட மாட்டேன் என்பவர் லேசர் வாங்கலாம். டோனர் வெறும் தூள், அது காயாது. இந்த ஒரு பத்தியை அச்சிட ஒரு பெட்டியிலும் இடமில்லை, ஐயா. கிளி அடைத்துக்கொண்டிருக்கிறது.

டேங்க்காரர்களும் முழு யோக்கியர்கள் அல்லர். முதல் செட் மையில் ஒரு பங்கு குழாயையும் ஹெட்டையும் நிரப்பவே போய்விடும். அதைப் பொடி எழுத்தில் சொல்வார்கள். வாரம் ஒரு கலர் பக்கமாவது எடுக்காவிட்டால் ஹெட் காய்ந்துபோகலாம். சில மாடல்களில் ஹெட்டை நாமே மாற்றலாம், சிலவற்றில் சர்வீஸ் சென்டரில் பாதிப் பிரிண்டர் விலை சொல்வார்கள். கழுவிய மையை உறிஞ்சும் பஞ்சு நிறைந்துவிட்டால் இயந்திரம் வேலைநிறுத்தம் செய்யும். அந்தப் பஞ்சுப் பெட்டியை வீட்டிலேயே மாற்ற முடியுமா என்று வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும். இருந்தாலும் புட்டியில் மில்லி போட்டிருக்கிறார்களே, அதற்காக ஒரு கும்பிடு.

இந்தப் புட்டிகூடக் கம்பெனிகளுக்கு ஞானம் பிறந்து வந்ததல்ல. இந்தோனேசியாவில் கடைக்காரர்கள் கார்ட்ரிட்ஜைத் துளைத்து, ரப்பர் குழாய் செருகி, பக்கத்தில் மைப் புட்டிகளைத் தொங்கவிட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏறுகிற மாதிரி இருக்கும். நம் சென்னை ரிச்சி தெருவும் அந்த வைத்தியத்தில் இளைத்ததல்ல. தடுத்துப் பார்த்துப் பயனில்லை என்றதும் 2010-இல் எப்சன் அதே நாட்டில் தானே டேங்க் வைத்த பிரிண்டரை இறக்கியது. அடுத்த வருஷம் இந்தியாவுக்கும் வந்தது. அந்தக் குழாய்க்காரர்களுக்கு எந்த ஊரிலும் சிலை இல்லை.

மற்ற இடங்களில் எதிர்த்திசைப் பயணம் நடந்தது. கார்ட்ரிட்ஜில் சிப் பொருத்தினார்கள். வேறு கம்பெனி மையைப் போட்டால் பிரிண்டர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இந்தக் கட்டுப்பாடுகளை வாடிக்கையாளருக்கு ஒழுங்காகச் சொல்லவில்லை என்று 2020 டிசம்பரில் இத்தாலியின் போட்டி ஆணையம் எச்பி நிறுவனத்துக்கு ஒரு கோடி யூரோ அபராதம் போட்டது. அங்கேயும் தங்களைப் போன்ற ஓர் அதிகாரிதான் கோப்பைத் திறந்திருப்பார்.

2024 ஜனவரியில் அப்போது எச்பியின் தலைமை நிர்வாகியாக இருந்த என்ரிக்கே லோரஸ் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் மனம்விட்டுப் பேசினார். ஒவ்வொரு முறை ஒருவர் பிரிண்டர் வாங்கும்போதும் கம்பெனி அவரில் முதலீடு செய்கிறதாம். அவர் போதுமான அளவு அச்சிடாவிட்டாலோ, கம்பெனி மையை வாங்காவிட்டாலோ, அது மோசமான முதலீடாம். காசு கொடுத்துப் பிரிண்டர் வாங்கியது நான்தான் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன், ஐயா. என்னிடம் உள்ளது எந்தக் கம்பெனி என்று இங்கே சொல்லப்போவதில்லை. நீலம் தீர்ந்துவிட்டது என்று சொல்லி, கறுப்பில் ஒரு பட்டா நகல் எடுக்க மறுத்த கம்பெனி என்பது மட்டும் போதும்.

ஆகவே, பிரிண்டர் பெட்டியின் மேல், கிளியின் அலகுக்குப் பக்கத்திலேனும், பக்கத்துக்கு எத்தனை பைசா என்று அச்சிட வைக்க மேலிடத்துக்குப் பரிந்துரைக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். கார்ட்ரிட்ஜுக்கு மில்லியும், புதுப் பிரிண்டரோடு கூடவே வரும் ‘செட்டப்’ கார்ட்ரிட்ஜில் எவ்வளவு குறைத்து ஊற்றியிருக்கிறார்கள் என்பதும் தெரிய வேண்டும். சந்தேகமிருந்தால் என் வீட்டுக்கே ஆய்வுக்கு வரலாம். தராசு வேண்டாம், இது ‘ஒன்று’தான், எடை போட ஒன்றுமில்லை. ஒரு ரீம் தாள் மட்டும் எடுத்து வாருங்கள். கார்ட்ரிட்ஜ் புதிதாக வாங்கி வைத்திருக்கிறேன். அது தீரும்வரை அச்சிட்டு எண்ணிக்கொள்ளலாம். மீதி முந்நூற்று எண்பது தாளைத் தாங்களே திருப்பி எடுத்துப் போகலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு மோசமான முதலீடு