ஜோடி ஏஸுக்கு விருந்தோம்பல்

லாஸ் வேகாஸின் 1-2 டாலர் போக்கர் மேசையில் கைக்கு ஜோடி ஏஸ் வந்ததும் தொகையை ஏற்றுவது அநாகரிகம். சராசரியாக 221 ஆட்டத்துக்கு ஒருமுறை வரும் விருந்தாளி. ஊரைக் கூட்டாமல் வரவேற்கலாமா? 2 டாலரோடு நிறுத்தி ஐந்து பேரை உள்ளே விடுங்கள். ஒருவரிடம் 85 சதவீதமாக இருந்த வெற்றி வாய்ப்பு ஐவரிடம் பாதியாகும். ஆகட்டுமே, கூட்டம்தானே களை!

காலையிலிருந்து ஒரே காபிக் கோப்பையோடு உட்கார்ந்து, வந்த சீட்டையெல்லாம் கவிழ்த்த தாத்தா, கடைசிச் சீட்டில் திடீரென மொத்தச் சிப்ஸையும் தள்ளுகிறாரா? சும்மா மிரட்டுகிறார். தயங்காமல் கட்டுங்கள். அவர் கையில் ஜோடி இரண்டு, மேசையில் மூன்றாவது இரண்டு. தற்செயல்!

ஆட்டம் தவறாமல் ஏற்றும் கறுப்புக் கண்ணாடிப் பையனிடம் மட்டும் ஜாக்கிரதை. ஜோடி ராஜாவையும் பணிவாகக் கவிழ்த்துவிடுங்கள். பிறகு அவன் சிரித்தபடி திருப்பிக் காட்டுவது ஏழும் இரண்டும்.

எவர் வென்றாலும், நடுவில் சேர்ந்த பணத்தில் கேசினோ தன் பங்கை முன்பே எடுத்துவிட்டது.