தலையீடு: பிள்ளையார்பாளையம் நோக்கில் ஒரு சொல்லாராய்ச்சி

'தலையிடுதல்' என்ற சொல்லின் பிறப்பு குறித்து இரண்டு கட்சிகள் உண்டு. முதலாவது, உறுப்புக் கட்சி: அடுத்தவர் விவகாரத்துக்குள் தலையை நீட்டுவதே தலையீடு. இதன்படி அமைச்சரும் ஆட்சியரும் உயர் நீதிமன்றமும் தலையிடுவார்கள். எதிர்வீட்டுக்காரர் மூக்கை நுழைப்பார். வேலை ஒன்றுதான், பதவிக்கேற்ப உறுப்பு மாறுகிறது.

தொல்காப்பியம் இக்கட்சிக்குக் கைகொடுக்கவில்லை. அங்கே 'தலையிட்ட' என்றால் 'மேலும் சேர்ந்த' என்று பொருள். இருபதோடு ஆறு தலையிட்டால் இருபத்தாறு. கூட்டல் கணக்கில் இருந்த சொல் பஞ்சாயத்துக்கு எப்படி வந்தது?

பெரிய காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியைப் பார்த்தால் தெரியும் என்கிறது இரண்டாம் கட்சி. சேலையின் முந்தானைக்குத் தலைப்பு என்றும் பெயர். உடல் ஒரு நிறம், தலைப்பு வேறு நிறம் என்றால் குறுக்கே ஓடும் ஊடையை மட்டும் மாற்றிப் பயனில்லை. இரண்டும் கலந்து மூன்றாவது நிறம் காட்டும். நெடுக்கே ஓடும் பாவையே மாற்ற வேண்டும். உடலின் பாவு இழைகளோடு தலைப்பு நிறப் பாவு இழைகளைக் கோத்து, சிறிது தூரம் இரண்டையும் சேர்த்து நெய்து, மிஞ்சிய பழைய இழைகளை அறுத்துவிடுவார்கள். இதற்குப் பெட்னி என்று பெயர். ஆக, தலைப்பை இடுவது தலையீடு! அகராதிகள் இதை ஒப்புவதில்லை. அகராதிக்காரர்கள் தறிக்குழியில் கால் வைத்தவர்கள் அல்லர்.

கரையை உடலோடு சேர்த்து நெய்யும் கோர்வை இன்னும் வலுவான சான்று. கரைக்கும் உடலுக்கும் வெவ்வேறு நிறம் என்பதால் மூன்று நாடாக்கள் ஓடும். நெசவாளர் ஒரு பக்கம், துணையாள் மறுபக்கம். துணையாள் தலையிடாவிட்டால் கரை தனி, உடல் தனி. 2005-06இல் புவிசார் குறியீடு பெற்ற காஞ்சிபுரம் பட்டுக்கு இந்தத் தலையீடுதான் பேர் வாங்கித் தந்தது. (ஆங்கிலத்தின் 'இன்டர்வீன்', 'இடையே வருதல்' என்னும் லத்தீனிலிருந்து வந்தது. அது ஊடைக்குப் பொருந்தும். பெட்னியை ஆங்கிலேயர் கண்டதில்லை.)

இக்கொள்கைக்கு ஒரே இடைஞ்சல் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து வருகிறது. அங்கே வரதராஜப் பெருமாள் சந்நிதியில் யார் முன்னே நின்று பாடுவது என்று வைணவரில் வடகலையாரும் தென்கலையாரும் வழக்காடுகிறார்கள். ஆங்கிலேயர் காலம் தொட்டு நீதிமன்றங்கள் தலையிட்டும் கரையும் உடலும் கோர்வையாகவில்லை. உறுப்புக் கட்சியார் இதைக் காட்டி மகிழ்வார்கள். அவசரப்பட வேண்டாம்: தீர்ப்பின்மேல் மேல்முறையீடு, அதன்மேல் இன்னொரு மனு என்று, அங்கே எல்லாம் தொல்காப்பியர் கணக்குப்படிதான் தலையிடுகின்றன.