நடுவில் ஒரு எஸ்

சார்லட், வட கரோலினா
7.10.2025

அன்புள்ள மாமாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில், "வண்டி என்ன வெலைக்கு முடிச்சீங்க மாப்ளே?" என்று நீங்கள் கேட்டவுடன் லைன் போய்விட்டதல்லவா, அது சிக்னல் கோளாறு இல்லை. நான்தான் கட் செய்தேன். நீங்கள் ஸ்பீக்கரில் போட்டிருந்தீர்கள். பின்னால் ஓவர்லாக் சத்தம் கேட்டது, செக்கிங் டேபிளில் யாரோ சிரிப்பதும் கேட்டது. கிலோவுக்கு ஐம்பது பைசா குறையும்வரை நூல் புரோக்கர் வாங்கிக் கொடுத்த டீயைக்கூடத் தொடாத மனிதரிடம், அத்தனை பேர் நடுவில் அந்தத் தொகையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடிதம் என்றால் நீங்கள் திட்டுவது என் காதில் விழாது.

தொகை கடைசியில் வரும். முன்னாலேயே புரட்டிப் பார்க்காதீர்கள்.

பழைய வண்டி ஆகஸ்டில் கியர்பாக்ஸோடு மண்டையைப் போட்டது. தையில் நீங்களும் அத்தையும் வருவதால் எட்டுப் பேர் உட்காரும் ஹைப்ரிட் வேன்தான் என்று உங்கள் மகள் முடிவு கட்டிவிட்டாள். இங்கே குழந்தை குட்டி உள்ள நம்மவர்கள் எல்லோரும் அதே வேனைத்தான் தேடுகிறார்கள். சனிக்கிழமை கோயில் வாசலில் நின்று பார்த்தால், ஒரே ஸ்டைலில் ஐந்து கலர் ஆர்டர் போட்ட மாதிரி வரிசையாக நிற்கும். டிமாண்ட் என்று இதைத்தான் சொல்கிறார்கள் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

முதலில் போன ஷோரூமில் வேன் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அடிப்படை விலை இவ்வளவு, கூடுதல் வசதி ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு, ஃபேக்டரியிலிருந்து கொண்டுவந்த கூலி இவ்வளவு என்று பைசா சுத்தமாக எழுதி, கூட்டுத்தொகை 48,750 டாலர். மன்ரோனி என்று ஓக்லஹோமா செனட்டர் ஒருவர் 1958இல் கொண்டுவந்த சட்டம் இது. அதற்கு முன் டீலர் வாயில் வந்ததுதான் விலையாம். வாங்குகிறவர் கைக்கு வண்டி போகும்வரை வேறு யாரும் அந்தத் தாளைக் கிழிக்கக் கூடாது. ஆகா, இதுவல்லவா நாடு என்று எனக்குப் புல்லரித்தது.

பக்கத்திலேயே இன்னொரு தாள். அதே அகலம், அதே எழுத்து, அதே நிறம். ஒரிஜினல் லேபிளுக்குப் பக்கத்தில் டூப்ளிகேட் லேபிளையும் சேர்த்துத் தைத்த மாதிரி. அதைப் படித்ததும் புல்லரிப்பு அடங்கிவிட்டது. பெயிண்டுக்குப் பாதுகாப்பு, சீட் துணிக்குப் பாதுகாப்பு, கண்ணாடியில் வண்டி நம்பர் பொறித்தது, டயரில் நைட்ரஜன் நிரப்பியது எல்லாம் சேர்த்து 1,995 டாலர். காகித வேலைக்கு 899. இவற்றுக்கெல்லாம் மேலே தடித்த எழுத்தில் 'மார்க்கெட் அட்ஜஸ்ட்மென்ட்' 5,000.

மொத்தம் 7,894 டாலர். நம் காசில் ஏழு லட்சம். ஜிஎஸ்டி குறைத்த பிறகு ஊரில் ஒரு சின்னக் காரே அந்த விலைக்கு ஷோரூமைவிட்டு வெளியே வந்துவிடும். இங்கே அது காருக்கு மேலே ஒட்டுகிற இரண்டாவது தாளின் விலை.

நைட்ரஜனை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். நாம் மூச்சு விடுகிற காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான் மாமா. மிச்சம் 22 பங்கை மாற்றியதற்குத்தான் இந்த ஆள் பில் போடுகிறார். நம் கம்பெனி கம்ப்ரசரைப் பிடித்து மெஷினில் ஒட்டிய பஞ்சை ஊதித் தள்ளுவோமே, அத்தனை வருஷமாக எவ்வளவு நைட்ரஜனைச் சும்மா விட்டிருக்கிறோம் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

சீட் துணிப் பாதுகாப்பு என்றதும் எனக்குள் இருந்த திருப்பூர்க்காரன் விழித்துக்கொண்டான். என்ன ஃபினிஷிங், எத்தனை வாஷ் தாங்கும் என்று கேட்டேன். விற்பனைக்காரப் பையன் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆயுசுக்கும் தாங்கும் என்றான். பதினைந்து வேலம்பாளையத்தில் வளர்ந்தவன் நான். எந்த டையிங் மாஸ்டர் வாயிலும் அந்த வார்த்தையைக் கேட்டதில்லை.

சரி, அந்த ஐயாயிரம்?

"அது டிமாண்டுக்கு சார்."

"வண்டியில் எந்த இடத்தில் இருக்கிறது?"

"வண்டியில் இல்லை சார். மார்க்கெட்டில் இருக்கிறது."

இந்தப் பதிலை யோசித்துச் சொன்னானா, பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்களா தெரியவில்லை. எனக்குப் பிடித்துப்போயிற்று. பேசும்போது அவன் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீல போலோ. துவைத்துத் துவைத்துப் பக்கத் தையல் முறுக்கி, தொப்புளை நோக்கி வந்துகொண்டிருந்தது. காலர் நுனி சுருண்டிருந்தது, பட்டி ஒரு பக்கம் அரை இஞ்ச் இறக்கம். நீங்கள் பார்த்திருந்தால் பீஸை வீசியெறிந்திருப்பீர்கள். அவன் குனிந்தபோது கழுத்து லேபிள் வெளியே எட்டிப் பார்த்தது. நம்மூர்ச் சரக்காக இருந்துவிடக் கூடாதே என்று அவிநாசியப்பரை வேண்டிக்கொண்டு படித்தேன். ஹோண்டுராஸ். அந்த ஷோரூமில் எனக்குக் கிடைத்த ஒரே நிம்மதி அது.

மேனேஜர் வந்தார். முன் தாளில் 48,750 என்று அச்சடித்துவிட்டு அதற்கு மேல் கேட்பது தப்பில்லையா என்றேன். அவர் அந்தத் தாளில் விலைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு வார்த்தையைக் காட்டினார். ஊரில் பிஸ்கட் பாக்கெட்டில்கூட எம்.ஆர்.பி. என்று போட்டிருக்கும், அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினால் புகார் கொடுக்கலாம். இங்கே எம்.எஸ்.ஆர்.பி. நடுவில் ஒரு எஸ். கம்பெனி 'பரிந்துரைக்கும்' விலை என்று அர்த்தம். கல்யாணத்துக்குப் பெரியவர்கள் பெண்ணைப் பரிந்துரைப்பது போல. கேட்பதும் கேட்காததும் அவரவர் இஷ்டம்.

அப்போதுதான் உங்கள் மகள் நம்மூர்க் காதர்பேட்டைக் கடைத்தெருவின் பேர வித்தையை எடுத்தாள். "எந்திரிங்க, போலாம்" என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். வித்தை உங்களுக்குத் தெரியாததா? மெதுவாக நடக்க வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. மூன்றாவது கடை வருவதற்குள் "அக்கா, வாங்க, சொல்லுங்க, எவ்வளவுதான் தருவீங்க" என்று குரல் வரும். நடந்தோம். வேன் தாண்டியது, பாப்கார்ன் மெஷின் தாண்டியது, கண்ணாடிக் கதவும் தாண்டியது. பின்னாலிருந்து குரல் வந்தது. "இந்த நாள் இனிய நாளாக அமையட்டும்!"

அவ்வளவுதான். எங்கள் நாற்காலி சூடு ஆறுவதற்குள் அதில் ஒரு குஜராத்திக் குடும்பம் உட்கார்ந்துவிட்டது. வாசலில் நின்று நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். காதர்பேட்டை ஒரு ஊரில் தோற்றதை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தேன்.

நேராகக் கம்பெனிக்கே போய் வாங்கினால் என்ன என்று கேட்பீர்கள். நீங்கள் புரோக்கரைத் தாண்டி மில்லுக்கே போகிறவர் ஆயிற்றே. இங்கே பெரும்பாலான மாநிலங்களில் அதற்குச் சட்டமே தடை. பெரிய கார் கம்பெனிகள் சின்ன டீலரை விழுங்கிவிடக் கூடாது என்று அந்தக் காலத்தில் போட்ட சட்டம். இப்போது டீலரின் விலையில் கம்பெனியே கைவைக்க முடியாது. 2021இல் சிப் தட்டுப்பாடு வந்து, அடுத்த வருஷம் விலை எகிறியபோது, ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் டீலர்களுக்குக் காட்டமாகக் கடிதம் எழுதிப் பார்த்தன. மத்திய வர்த்தக ஆணையமும் 2023 டிசம்பரில் ஒரு விதி கொண்டுவந்தது: மொத்த விலையை முதலிலேயே சொல்ல வேண்டும், உபயோகமில்லாததைத் தலையில் கட்டக் கூடாது. டீலர் சங்கங்கள் கோர்ட்டுக்குப் போயின. விதி போட்ட முறை சரியில்லை என்று இந்த வருஷம் ஜனவரியில் அது ரத்தாகிவிட்டது. காகித வேலைக்குக் கலிபோர்னியாவில் 85 டாலருக்கு மேல் வாங்க முடியாது. எங்கள் மாநிலத்தில் வரம்பே கிடையாது. கண்ணில் படும்படி எழுதி வைத்துவிட்டால் போதும்.

உங்களுக்குக் கோபம் வருவதற்கு முன் ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். 1983 டிசம்பரில் முதல் மாருதி 47,500 ரூபாய்க்கு வந்தது. புக்கிங் செய்தவர்கள் வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். நீங்கள் மட்டும் காத்திருக்காமல், அலாட்மென்ட் ஆன ஒருவரிடம் பிரீமியம் கொடுத்து அந்த வெள்ளை மாருதியை ஓட்டி வந்தீர்கள். அந்தப் பிரீமியம் எவ்வளவு என்று அத்தைக்கு இன்றுவரை தெரியாது. எனக்குத் தெரியும். அம்மா சொல்லியிருக்கிறாள். இந்தக் கடிதத்தை அத்தையிடம் சத்தமாகப் படித்துக் காட்டும்போது இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். நீங்களும் என் தொகையைத் தாண்டிவிடுவீர்கள் என்று நம்புகிறேன்.

ஆபீசில் என் பக்கத்து சீட்டில் ஓர் அம்மாள் இருக்கிறார். ஊர் கன்னாபொலிஸ், இங்கிருந்து அரை மணி நேரம். ஒரு காலத்தில் அந்த ஊரே கேனன் டவல் மில்தான். அவர் அம்மா அங்கே துண்டுக்கு ஓரம் தைத்தவர். 2003 ஜூலை 30ஆம் தேதி மில்லை மூடினார்கள். ஒரே நாளில் நாலாயிரம் பேருக்கு மேல் வேலை போயிற்று. மில் இருந்த இடத்தில் இப்போது ஆராய்ச்சி வளாகம். நான் திருப்பூர் என்றதும் அங்கே என்ன விசேஷம் என்று கேட்டார். பனியன், டி-ஷர்ட் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஓ, எங்கள் வேலையெல்லாம் போன அட்ரஸ் அதுதானா?" என்று சிரித்தார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அவரே பேச்சை மாற்றி எனக்கு யோசனை சொன்னார்: மாதக் கடைசியில், வேலை நாளில், நகரத்தைவிட்டு வெளியே போ. டீலருக்கும் மாத டார்கெட் உண்டு.

மாதக் கடைசி ஷிப்மென்ட் பதற்றம் தெரியாதவனா நான்? செப்டம்பர் 30, செவ்வாய்க்கிழமை லீவு போட்டோம். மலைப்பக்கம் இரண்டரை மணி நேரம் ஓட்டினால் ஒரு சின்ன ஊர், அதில் ஒரு டீலர், அவரிடம் ஒரே ஒரு வேன். அதே மாடல், அதே 48,750. மார்க்கெட் அட்ஜஸ்ட்மென்ட் இல்லை. ஏன் இல்லை என்பது வண்டியைப் பார்த்ததும் புரிந்தது. லேப் டிப்பில் மூன்று தடவை ரிஜெக்ட் ஆகி, பையர் கோபித்துக்கொண்டு போன மெரூன் ஒன்று இருக்குமே, அந்த நிறம். வெயிலில் ஒரு ஷேடு, நிழலில் ஒரு ஷேடு. உங்கள் மகள் பானெட்டில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தாள், சாயம் போகிறதா என்று.

இங்கேயும் இரண்டாவது தாள் இருந்தது. பாதுகாப்பு பேக்கேஜ் 1,295. வேண்டாம் என்றோம். ஏற்கெனவே போட்டாயிற்று, கழற்ற முடியாது என்றார்கள். நைட்ரஜனைப் பிடுங்கிவிட்டு வெறும் காற்று அடித்துக் கொடுங்கள் என்று கேட்டேன். மேனேஜர் அதை ஜோக் என்று நினைத்துச் சிரித்தார். இறக்குமதி வரி எல்லாம் சேர்ந்து எங்களையும் கடிக்கிறது என்று அவர் ஆரம்பித்தபோது மட்டும் நான் கையைக் காட்டி நிறுத்தினேன். ஆகஸ்ட் 7இல் நம் சரக்குக்கு 25 சதவீதம், 27இல் இன்னொரு 25. அதுவும் முதல் தாள், பக்கத்தில் இரண்டாவது தாள்தானே! பையர் உங்களிடம் டிஸ்கவுண்ட் கேட்டு எழுதி, நீங்கள் எனக்கு அனுப்பிய மெயிலை அந்த வாரம் முழுக்கத் தூங்காமல் படித்தவன் நான். ஒரு டி-ஷர்ட்டில் பத்து சென்ட் குறைக்க மூன்று மாதம் மெயில் எழுதுகிற மனுஷன், சனிக்கிழமை ஷோரூமுக்கு வந்து காற்றுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறான். அவனிடமிருந்து ஐயாயிரம் வாங்கும் வித்தையை அந்த ஹோண்டுராஸ் சட்டைக்காரனிடம்தான் நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

கடைசியில் ஃபைனான்ஸ் அறை. நீட்டித்த வாரண்டி, டயர் இன்ஷூரன்ஸ், சாவி தொலைந்தால் இன்ஷூரன்ஸ், பள்ளம் விழுந்தால் இன்ஷூரன்ஸ் என்று ஒருவர் தாளைத் தாளாக நகர்த்தினார். அங்கே நான் வாயே திறக்கவில்லை. உங்கள் மகள் பதினொரு தடவை "நோ" சொன்னாள். பன்னிரண்டாவதாக அவர் பேனாவை நீட்டியபோதும் பழக்க தோஷத்தில் "நோ" என்றாள், அது கையெழுத்துக்கு.

இப்போது தொகை. 48,750, பேக்கேஜ் 1,295, காகித வேலை 799, மாநில வரி 3 சதவீதம், நம்பர் பிளேட். எல்லாம் சேர்த்து 52,500 டாலருக்குப் பக்கம். நம் காசில் நாற்பத்தாறு லட்சத்துச் சொச்சம். அத்தையிடம் பாதியைச் சொல்லுங்கள்.

மறுநாளே ஆயுத பூஜை. பார்க்கிங்கில் வேனுக்குச் சந்தனம் வைத்து, நைட்ரஜன் டயருக்கு அடியில் நாலு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். பக்கத்து வீட்டுக்காரர் அதுவும் டீலர் பேக்கேஜா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன்.

ஒரு உதவி. வண்டி துடைக்கும் துணி என்று 79 டாலருக்கு ஒரு டப்பா காட்டினார்கள். அதையும் வேண்டாம் என்றுவிட்டோம். தீபாவளி கழித்து அங்கிருந்து கிளம்புகிற யாரிடமாவது இரண்டு கிலோ பனியன் வேஸ்ட் கொடுத்தனுப்புங்கள். வெள்ளை வேஸ்ட் விலை கூட என்பீர்கள். கலரே போதும். மெரூன் இருந்தால் மட்டும் எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மாப்பிள்ளை