ஐந்து வாட் பேராசை

கிட்டார்க் கம்பியின் அதிர்வு எழுப்பும் மிகச் சிறிய மின்னழுத்தத்தைக் கண்ணாடி வால்வுகளின் துணையால் பெரிதாக்கி, ஸ்பீக்கரை உதறவைக்கும் பெட்டிக்கு வால்வு ஆம்ப்ளிஃபையர் என்று பெயர். 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தபோதே வால்வுகளுக்கு ஓய்வு உத்தரவு எழுதப்பட்டுவிட்டது. ரேடியோ, கணினி, தொலைக்காட்சி என்று ஒவ்வொன்றாக அவற்றைக் கைவிட்டன. கிட்டார்க்காரர்கள் மட்டும் அந்த உத்தரவை வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார்கள். வால்வு ஆம்ப் சூடாகும்; கனக்கும்; தவறி விழுந்தால் உடையும்; போகப்போகத் தேயும்; உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் டி.சி. மின்சாரம் காத்திருக்கும். ஒரு பொருளை வாங்காமலிருக்க இதைவிட நல்ல காரணங்கள் அமைவது அரிது. ஆகவே சிலர் அதை வாங்குவதில்லை. வீட்டிலேயே கட்ட உட்காருகிறார்கள்.

கையால் கட்டும் ஆம்ப்களில் மேல்தட்டைச் சேர்ந்தது ‘பூட்டிக்’ ஆம்ப். தொழிற்சாலை வரிசையில் உருளாமல், ஒரே மனிதர் ஒவ்வொரு கம்பியாக ஈயம் வைத்துக் கட்டியது என்று அதற்குப் பொருள். விலையும் அந்த மனிதரின் மனநிலையைப் பொறுத்தது. நியூ ஜெர்சியில் ‘டிரெய்ன்ரெக்’ ஆம்ப்களைக் கட்டிய கென் ஃபிஷர், வரிசை எண்ணுக்குப் பதிலாக ஒவ்வொன்றுக்கும் ஒரு பெண்ணின் பெயரை வைத்தார். கலிஃபோர்னியாவின் அலெக்சாண்டர் டம்பிள் தம் வாழ்நாளில் கட்டியவை சில நூறுதான். அவற்றில் பலவற்றின் உள்ளே, யாரும் பார்த்து எழுதிக்கொள்ளாதபடி, சர்க்யூட்டின் மேல் எபாக்சிப் பசையைக் கொட்டி இறுக்கிவிட்டார். ரசத்தின் செய்முறையைக் காப்பாற்ற ரசத்திலேயே சிமெண்டைக் கரைப்பதற்கு நிகரான காரியம் இது. ஆனால் வேலை செய்தது: 2022ல் அவர் காலமாவதற்கு முன்பே அந்த ஆம்ப்கள் லட்சம் டாலருக்கு மேல் கைமாறின. பசையைச் சுரண்டிச் சுரண்டி உள்ளே இருந்ததை வரைந்து எடுத்தவர்களும் உண்டு.

காப்பியடிப்பதைப் பற்றி இந்தத் துறை பெரிதாக வெட்கப்பட முடியாது. லண்டனில் டிரம் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், 1962ல் தம் ஆட்களை வைத்துச் செய்த முதல் ஆம்ப் ஜே.டி.எம். 45. அது ஃபெண்டர் நிறுவனத்தின் ‘பாஸ்மேன்’ சுற்றின் ஏறக்குறைய நேர்ப்பிரதி. ராக் இசையின் மாபெரும் சத்த வம்சம் இப்படித்தான் தொடங்கியது. அந்த ஃபெண்டரின் சுற்றுகளும், வால்வு கம்பெனிகள் பொதுவில் வெளியிட்ட கையேடுகளுக்கு நெருங்கிய உறவுதான். எனவே வீட்டில் கட்டுபவர் எந்த வரைபடத்தை எடுத்துக்கொண்டாலும் ஒரு நீண்ட மரபில் சேர்ந்துகொள்கிறார்.

முதன்முதலில் கட்டுபவர்கள் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பது ஃபெண்டரின் ‘சாம்ப்’, அதிலும் 1950களின் பிற்பாதியில் வந்த 5எஃப்1 சுற்று. பழகும் மாணவர்களுக்கென்று மலிவாகச் செய்த பெட்டி அது. 12ஏஎக்ஸ்7 என்ற வால்வு முன்னால் நின்று சிக்னலை இரண்டு கட்டமாக வளர்க்கும்; ஒரே கண்ணாடிக்குள் இரண்டு வால்வுகள் ஒட்டுக்குடித்தனம் செய்வதால் இது முடிகிறது. அடுத்து வரும் 6வி6 அதற்கு வலு சேர்க்கும். 5ஒய்3 மெயின்ஸிலிருந்து வரும் ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும். முகப்பில் ஒரே ஒரு குமிழ், அதுவும் சத்தத்துக்கு. அதைத் திருகித்தான் ஆம்ப்பையே போடவும் அணைக்கவும் வேண்டும். டோன் குமிழ் கிடையாது. மொத்த வெளியீடு ஏறத்தாழ 5 வாட். ரெசிஸ்டரும் கெபாசிட்டருமாகச் சேர்த்தால் இரண்டு உள்ளங்கையில் அடங்கும்.

இதை வடிவமைத்த லியோ ஃபெண்டர் ரேடியோ மெக்கானிக்காகத் தொடங்கியவர். கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். அவர் விரும்பியது தெளிவான, கலப்படமற்ற ஒலி. குமிழை எல்லை வரை திருகினால் ஒலி கிழிந்து கரகரத்தது. பொறியியல் கணக்கில் அது குறைபாடு. கிட்டார்க்காரர்கள் அந்தக் குறைபாட்டைத்தான் காதலித்தார்கள். இன்று வீட்டில் ஆம்ப் கட்டுபவர், லியோ ஃபெண்டர் ஒழிக்கப் பாடுபட்டதையே காசு கொடுத்துத் திரும்பக் கொண்டுவரப் பாடுபடுகிறார்.

காசு கொடுக்கும் கட்டம் பாகங்களிலிருந்து தொடங்குகிறது. சர்க்யூட்டில் இரண்டு நிலைகளை இணைக்கும் கெபாசிட்டர் 0.02 மைக்ரோஃபாரட். எந்தக் கடையில் வாங்கினாலும் அது டி.சி.யைத் தடுத்து ஏ.சி.யை விடும், அதற்கு வேறு லட்சியம் இல்லை. ஆனால் கட்டுபவர் கடுகு நிறத்தில் இருக்கும் பழைய மல்லார்ட் கெபாசிட்டரைத் தேடுவார், அல்லது ஆரஞ்சு நிறத்தில் பளபளக்கும் ஸ்பிராக்கை. ஒலியில் தேன் இருக்கிறது, பட்டு இருக்கிறது என்பார். ரெசிஸ்டரிலும் அதே கதை. நவீன மெட்டல் ஃபிலிம் வகை இரைச்சல் குறைந்தது, மதிப்பு மாறாதது, மலிவானது. ஆகையால் அது ஒதுக்கப்படும். இரைச்சல் கூடிய, வயதானால் மதிப்பு ஏறிப்போகும் கார்பன் காம்போசிஷன் ரெசிஸ்டர் கூடுதல் விலையில் வந்து இறங்கும். 1950களில் அதைத்தான் போட்டார்கள் என்பது காரணம். அன்றைக்கு வேறு மலிவான ரெசிஸ்டர் இல்லாததால் போட்டார்கள் என்பதை யாரும் நினைவூட்டுவதில்லை.

வால்வுகளின் சந்தை இதைவிட நாடகத்தன்மை கொண்டது. கிட்டார் ஆம்ப்களுக்கான புதிய வால்வுகள் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளிலிருந்துதான் முக்கியமாக வருகின்றன. 2022 மார்ச்சில் ரஷ்ய ஏற்றுமதித் தடை பற்றிய செய்தி வந்தவுடன் விலைகள் துள்ளின. போரைப் பற்றிக் கவலைப்படாத கிட்டார்க்காரர்கள்கூட அன்று உலக வரைபடத்தைப் பிரித்தார்கள். பழைய இருப்பில் தூங்கும் வால்வுகளுக்கு மவுசு தனி. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நம் வீட்டு ரேடியோக்களுக்காக அந்தக் காலத்தில் செய்த வால்வுகளையும் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

உண்மையில் ஒலியைத் தீர்மானிப்பவை அழகில்லாத இரண்டு பொருள்கள். ஒன்று அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். 6வி6 ஆயிரக்கணக்கான ஓம் சுமையை எதிர்பார்க்கும். ஸ்பீக்கரோ 4 ஓம் அல்லது 8 ஓம். இந்த இருவருக்கும் நடுவே நின்று பேச்சுவார்த்தை நடத்துவது அந்த இரும்புக் கட்டிதான். இன்னொன்று ஸ்பீக்கர். அதை மாற்றினால் பக்கத்து அறையில் இருப்பவருக்கும் வித்தியாசம் தெரியும்; கெபாசிட்டரை மாற்றினால் வாங்கியவருக்கு மட்டும் தெரியும். ஆனால் கட்டுபவர் இந்த இரண்டுக்கும் வந்து சேர்வதற்குள் பணப்பை இளைத்திருக்கும்.

அடுத்து வருவது தகர வேலை. சேசிஸ் என்ற உலோகச் சட்டத்தில் வால்வு சாக்கெட்டுகளுக்கு வட்டமாக ஓட்டை போடுவது சாதாரண டிரில்லால் ஆகாது. போட முயன்றவர்களின் வட்டங்களைப் பார்த்தால் தெரியும். பவர் டிரான்ஸ்ஃபார்மரும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் ஒன்றுக்கொன்று குறுக்காக உட்கார வேண்டும். இல்லாவிட்டால் முன்னதன் காந்தப்புலம் பின்னதில் முனகலாகக் கேட்கும். விவரம் தெரிந்தவர்கள் பவர் டிரான்ஸ்ஃபார்மருக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் ஹெட்ஃபோனை மாட்டி, அதை மெல்லத் திருப்பிப் பார்த்து, முனகல் அடங்கும் இடத்தில் குறி போடுவார்கள். பார்ப்பவர்களுக்கு ஏதோ பரிகாரம் நடப்பதாகத் தோன்றும். இதைச் செய்தபின்பு ஓட்டை போட வேண்டும் என்பதுதான் விதி. ஓட்டை போட்டபின்பு செய்வது வழக்கம்.

ஈயம் வைக்கும் வேலை அமைதியானது. வால்வுகளைச் சூடாக்கும் 6.3 வோல்ட் ஹீட்டர் கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கி ஓரமாகக் கொண்டுபோக வேண்டும். எர்த் கம்பிகளை ஒழுங்காக ஒரே இடத்துக்குத் திரட்ட வேண்டும். டிரை சால்டர் என்று மெக்கானிக்குகள் சொல்லும் அரைகுறை ஒட்டு ஒன்று நிச்சயம் எங்கோ இருக்கும். அதைக் கண்டுபிடிக்க உலகெங்கும் பயன்படும் கருவி, சீன உணவகத்தில் நூடுல்ஸோடு வரும் மரக்குச்சி. மின்சாரம் ஓடும்போதே ஒவ்வொரு ஒட்டையும் அந்தக் குச்சியால் தட்டுவார்கள். எதைத் தட்டும்போது ஸ்பீக்கர் இருமுகிறதோ அதுவே குற்றவாளி.

முதல்முறை மின்சாரம் கொடுப்பது சிரிப்பில்லாத கட்டம். அணைத்த பிறகும், டி.சி.யைச் சீராக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்களில் மின்னூட்டம் தங்கியிருக்கும். அதை ஒரு ரெசிஸ்டர் வழியாக வெளியேற்றி, மீட்டரில் பார்த்த பிறகே உள்ளே கை வைக்கலாம். மின்சாரம் ஓடும்போது அளப்பவர் ஒரு கையைப் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்வார், மின்சாரம் நெஞ்சின் குறுக்கே பாய வழியில்லாமல். ஸ்பீக்கரை இணைக்காமல் இயக்கினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகலாம். அமெரிக்காவிலிருந்து வரவழைத்த 120 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரை நம் ஊர் 230 வோல்ட்டில் செருகினால் ‘ஆகலாம்’ என்ற சொல்லுக்கே இடமில்லை. எலெக்ட்ரீஷியன்கள் செய்வதுபோல ஒரு குண்டு பல்பைச் சீரிஸில் போட்டு இயக்குவது நல்லது: பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் பிழைத்தோம், விடாமல் எரிந்தால் உள்ளே ஷார்ட். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. இழை பல்பு கிடைப்பதுதான் இப்போது 6வி6 கிடைப்பதைவிடச் சிரமம்.

எல்லாம் சரியாக இருந்தும் ஆம்ப் ஊளையிடலாம். சாம்ப் சுற்றில் ஸ்பீக்கருக்குப் போகும் சிக்னலில் சிறு பங்கு பின்னோக்கி வந்து பிழைகளைத் தணிக்கும். டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டு கம்பிகள் இடம் மாறியிருந்தால் தணிக்க வேண்டியது தூண்டிவிடும். கம்பிகளை மாற்றிப் போட்டால் ஊளை நின்று, முனகல் கேட்கத் தொடங்கும். 50 ஹெர்ட்ஸில் முனகினால் பெரும்பாலும் ஹீட்டர் கம்பியைச் சந்தேகிக்கலாம். 100 ஹெர்ட்ஸ் என்றால் ஃபில்டர் பக்கம் பார்க்கலாம். சிலர் இந்தத் துப்பறிதலில் கிட்டார் வாசிப்பதையே மறந்துபோகிறார்கள்.

பிறகு பெட்டி. பைன் பலகை, அதன்மேல் அந்தக்காலப் பயணப்பெட்டிகளுக்கு ஒட்டிய ட்வீட் துணி, அதன்மேல் பழுப்பேற்றும் அரக்குப் பூச்சு. ஐம்பது ஆண்டு சிகரெட் புகை படிந்த நிறம் ஒரே மாலையில் வந்துவிடும். புதிதாகச் செய்த பொருள் புதிதாகத் தெரிவது இந்த வட்டாரத்தில் கௌரவக் குறைவு.

கடைசியாகச் சத்தம். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமானால் ஏறத்தாழ பத்து மடங்கு வாட் வேண்டும். திருப்பிப் பார்த்தால், 5 வாட் என்பது 50 வாட்டில் பாதிச் சத்தம். மேடையை அதிரவைக்கும் சத்தத்தில் பாதி, அடுக்குமாடிக் குடியிருப்பின் படுக்கையறைக்குள். விரும்பிய கரகரப்போ குமிழை முக்கால்வாசி திருகினால்தான் வரும். கீழ்வீட்டு மாமா மேலே வந்தபின், கட்டியவர் ‘அட்டென்யுவேட்டர்’ என்ற இன்னொரு பெட்டியை வாங்குகிறார். ஆம்ப் அரும்பாடுபட்டுப் பெருக்கியதை வாங்கி வெறும் சூடாக மாற்றி வீணடிப்பது அதன் வேலை. பெருக்குவதற்கு ஒரு செலவு, பெருக்கியதைக் குறைப்பதற்கு இன்னொரு செலவு.

சலித்துப்போய் விற்க நினைத்தால், பெயர் தெரியாதவர் கட்டிய ஆம்ப்புக்குப் பாகங்களின் விலைகூடக் கிடைப்பது கடினம். கடுகு நிறக் கெபாசிட்டருக்கு யாரும் தனியாகக் காசு தருவதில்லை. ஆகவே கட்டத் தொடங்குபவர் முதல் வேலையாக நல்ல ஸ்பீக்கர் ஒன்றை வாங்கிவிடுவது உத்தமம். ஆம்ப் பேசாமல் போனாலும் ஸ்பீக்கரையாவது நல்ல விலைக்குத் தள்ளிவிடலாம்.